பூட்டிய வீடு, ஓதம், தும்மல்: செட்டிநாட்டு வீட்டைச் சுத்தம் செய்வது பற்றிய கேள்விகள்

தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு வளவு வீட்டில் (முற்றத்தைச் சுற்றிய பொதுக்கூடம்தான் வளவு) குடியிருக்கிறேன். ஊரோடு இருப்பவள் என்பதால் சென்னை, கோயம்புத்தூர், மலேசியா என்று போய்விட்ட உறவினர்களின் வீட்டுச் சாவிகள் ஐந்தாறு என் வீட்டு ஆணியில் தொங்குகின்றன. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), பிள்ளையார் நோன்பு என்று எதற்காவது அந்த வீடுகள் திறக்கும்போது முதலில் உள்ளே போகிறவள் நான்தான். என் மகளுக்கு ஐந்து வயதிலிருந்து இரைப்பு (ஆஸ்துமா) உண்டு. அவளுக்காகக் கற்றுக்கொண்டதையும் இந்த வீடுகளில் கைபடச் செய்து பார்த்ததையும் வைத்து, உறவினர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செட்டிநாடு வறண்ட சீமை. இங்கே ஈரம் எங்கிருந்து வந்தது?

சித்திரையில் வந்து பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. ஐப்பசியில் வந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கிறது. அதற்குப் பின் மார்கழிப் பனி. கிழக்கே கடலும் அதிகத் தொலைவில் இல்லை. இந்த மூன்று நான்கு மாதங்களில் விடியற்காலையில் அப்பளத்தை வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். அப்பளத்துக்கு ஏறுகிற அந்த ஈரம்தான் மெத்தைக்கும், பாய்க்கும், பெட்டகத்தில் இருக்கும் பட்டுக்கும் ஏறுகிறது.

வெளியிலிருந்து வருவது பாதி. மீதி வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. மண்ணிலிருந்து சுவர் வழியாக மேலேறும் ஓதம், உடைந்த நாட்டு ஓட்டின் வழியாக இறங்கும் மழைநீர், பிற்காலத்தில் இரண்டாங்கட்டின் மூலையில் கட்டிச் சேர்த்த குளியலறை, கொடியில் காயாமல் தொங்கும் துணி எல்லாம் சேர்ந்ததுதான் வீட்டின் ஈரம்.

கண்ணால் மதிப்பிட வேண்டாம். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. படுக்கும் அறையில் ஒன்று வையுங்கள். 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூசணத்துக்கும், தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியான தூசிச் சிற்றுண்ணிக்கும் அது நல்ல காலம். 50க்குக் கீழே இறங்கினால் சிற்றுண்ணியால் தாக்குப்பிடிக்க முடியாது. மழைக்காலத்தில் முற்றம் வைத்த வீட்டை 50க்குக் கொண்டுவருவது நடக்காத காரியம். ஆனால் படுக்கும் ஓர் அறையையாவது 60க்குள் வைக்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு பாடு.

திறந்தவுடன் தும்மல் வருகிறது. தூசிதானே காரணம்?

தூசி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அந்தத் தூசிக்குள் நான்கு பேர் இருக்கிறார்கள்.

முதலாவது, தூசிச் சிற்றுண்ணி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது, கண்ணுக்குத் தெரியாது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்கு உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொண்டு உயிர்வாழ்கிறது. காற்று வறண்டால் அதுவும் வறண்டு சாகிறது. ஒவ்வாமையைத் தூண்டுவதில் பெரும்பங்கு அதன் கழிவுக்கு. பூச்சி செத்த பிறகும் அந்தக் கழிவு மெத்தையிலேயே கிடக்கும். வெயிலில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, பூசணம். நனைந்த பொருள் காயாமல் கிடந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும். செத்த பூசணமும் தும்மலை வரவழைக்கும். மருந்து அடித்துக் கொன்றால் போதாது. துடைத்து அகற்ற வேண்டும்.

மூன்றாவது, கரப்பான். அதன் எச்சமும் எச்சிலும் உரித்த தோலும் இரைப்புக்காரர்களைப் படுத்தும். நான்காவது, புறாவும் வௌவாலும். அவற்றைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

பல மாதம் பூட்டிக்கிடந்த வீடு. முதல் நாள் எங்கிருந்து தொடங்குவது?

ஒவ்வாமை உள்ளவர் முதல் நாள் அந்த வீட்டுக்குள் வரவே கூடாது. குழந்தைகளும் வேண்டாம். விசேஷத்துக்கு முந்தின நாள் மாலை வந்து இறங்கி, இரவோடு இரவாகப் பெருக்கி, அதே வளவில் ஜமுக்காளம் விரித்துப் படுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கிறது. விடியும்போது பாதிப் பேருக்கு மூக்கு அடைத்திருக்கும். குறைந்தது மூன்று நாள் முன்னதாக ஆளை அனுப்புங்கள்.

திறந்த அன்று துடைப்பத்தைத் தொட வேண்டாம். காலை பத்துப் பதினொரு மணிக்கு வெயில் ஏறிய பிறகு முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என்று நேர்வரிசையில் எல்லாக் கதவுகளையும் திறந்து போடுங்கள். முகப்பில் நின்றால் பின்வாசல் தெரிகிறாற்போல் நம் முன்னோர் வீடு கட்டிய பயன் அப்போது தெரியும். காற்று தானாக இழுத்துக்கொண்டு போகும். பெட்டகக் கதவு, மர பீரோ, அறைகளின் மேல் சாளரம் எதையும் விடாதீர்கள். நான்கு மணிக்குள் மூடிவிடுங்கள். இரவிலும் விடியலிலும் வெளிக்காற்றில் ஈரப்பதம் ஏறிவிடும். அப்போது திறந்து வைத்தால் ஈரத்தை நாமே உள்ளே அழைத்ததாகும். மழை விட்ட மறுநாள் காலையில் தரை வியர்த்துக்கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த தரைமேல் ஈரக்காற்று பட்டுத் தண்ணீராகிறது.

இரண்டாம் நாள்தான் கைவேலை. என்-95 முகக்கவசம், தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை. விசிறிகளை நிறுத்திவிடுங்கள். மேலிருந்து கீழே வர வேண்டும்: உத்தரம், தூண் தலைப்பு, நிலைக்கதவின் செதுக்கு வேலை, பிறகு சுவர், கடைசியாகத் தரை. ஒட்டடைக் கம்பின் நுனியில் லேசாக நனைத்த துணியைக் கட்டிக்கொண்டால் தூசி பறக்காமல் ஒட்டிக்கொண்டு வரும். மரச் செதுக்கில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். பிழிந்த துணியும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

வளவுச் சுவரில் முன்பக்கம் சாய்ந்தாற்போல் மாட்டியிருக்கும் பெரிய படங்களை இறக்கிப் பார்த்திருக்கிறீர்களா? போன வருடம் பிள்ளையார் நோன்புக்கு முன்னால் ஒரு வீட்டில் ஐயா, அப்பத்தா படங்களை இறக்கினேன். இரண்டு படத்துக்கும் பின்னால் சுவரில் அதே அளவு சதுரத்தில் சாம்பலும் பச்சையுமாகப் பூசணம். சட்டத்தின் பின் அட்டையில் விரலை வைத்தேன். மாவுபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. மேல் விளிம்பில் பல்லி முட்டை ஓடுகள் நான்கு. முற்றத்து வெயில் சாய்ந்து விழுந்த இடத்தில் அந்த மாவு மிதந்ததைப் பார்த்த பிறகு, படங்களை இறக்காமல் எந்த வீட்டையும் சுத்தமென்று நான் ஒப்புக்கொள்வதில்லை. அட்டையை மாற்றி, மறுபடி மாட்டும்போது சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு விரற்கடை இடம் விட்டோம்.

வேலை முடிந்ததும் உடனே உள்ளே போய் உட்காராதீர்கள். சிற்றுண்ணிக் கழிவு கனமானது, அரை மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும். பூசண விதைத்துகள் மணிக்கணக்கில் மிதக்கும். மூன்றாம் நாள் காலையில் தரையை ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அது காய்ந்த பிறகு மற்றவர்களை அழையுங்கள்.

ஆத்தங்குடிக் கல் தரையை எதனால் துடைப்பது?

வெறும் தண்ணீர், கறை இருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் கூடாது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் நிறமியும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்தது. புளிப்பு எதுவும் அதன் மேல்தோலை அரித்துவிடும். அரித்த தரை சொரசொரப்பாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

தேங்காயெண்ணெய் தேய்க்கும் பழக்கம் பற்றிக் கேட்கிறார்கள். மினுமினுப்புக்கு நல்லதுதான். துணியில் தொட்டு மிக மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். எண்ணெய் தங்கினால் தூசி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மாப்பைப் பிழியாமல் போட்டுத் தரையைக் குளமாக்குவது மழைக்காலத்தில் பெரும் தவறு. அந்தத் தண்ணீர் அத்தனையும் காற்றுக்குத்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பிழிந்த துணியால் நடுப்பகலில் துடையுங்கள்.

சுவரில் ஓதம் ஏறிப் பூசணம் பிடித்திருக்கிறது. பெயிண்ட் அடித்தால் போய்விடுமா?

மறைந்துவிடும், போகாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல நல்ல வீடுகள் இதில்தான் கெட்டுப்போகின்றன.

நம் வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புச் சுவர்கள். சுண்ணாம்பு மூச்சு விடும்: ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்டையோ சிமெண்ட் பூச்சையோ ஏற்றிவிட்டால் உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. சில மழைக்காலம் கழித்துப் பெயிண்ட் கொப்பளித்து உரியும். உரித்துப் பார்த்தால் உள்ளே மணல் மணலாக உதிரும்.

ஈரம் வரும் வழியை முதலில் தேடுங்கள். ஓடு விலகியிருக்கிறதா? முற்றத்துத் தூம்பில் இலை அடைத்திருக்கிறதா? வெளிச்சுவரை ஒட்டி மண்ணோ செங்கலோ குவித்து வைத்திருக்கிறார்களா? சுவரை ஒட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்கிறதா? அந்த வழியை அடைக்காமல் சுவரைத் தேய்ப்பது வீண்வேலை.

அடைத்த பிறகு, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, பூசணத்தின்மேல் முதலில் ஈரத்துணியை ஒற்றுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் விதைத்துகள் வீடு முழுக்கப் பரவும். சோப்புத் தண்ணீரால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டி எறிந்துவிடுங்கள். விசிறி வைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புக்குக் காரத்தன்மை மிகுதி, அதில் பூசணம் எளிதில் வேர்பிடிக்காது. பொங்கலுக்கு முன் வருடாவருடம் வெள்ளையடித்த வழக்கத்தில் இந்தப் பயனும் இருந்தது. கண்ணில் தெறித்தால் புண்ணாக்கிவிடும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பளபளப்பான பழைய பூச்சாக இருந்தால் மேலே எதையும் அடிக்க வேண்டாம். மென்மையான துணியால் ஒற்றித் துடைப்பதோடு நிறுத்துங்கள், மற்றதற்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கேளுங்கள்.

பிளீச்சிங் பவுடரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். குளியலறை ஓடுபோல் வழுவழுப்பான பரப்புக்குச் சரி. சுண்ணாம்புச் சுவருக்குள் அது இறங்காது. அதை ஆசிட்டோடும் வினிகரோடும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைச் சுடும். இரைப்புக்காரருக்கு உயிருக்கே ஆபத்து. பூசணம் ஒரு சதுர மீட்டருக்கு மேல் பரவியிருந்தால் வீட்டார் தொடாமல், பாதுகாப்போடு செய்யும் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

மெத்தை, தலையணை, ஜமுக்காளம் எல்லாம் வெயிலில் போட்டால் போதுமா?

வெயில் பாதி வேலை செய்கிறது. மொட்டை மாடியில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி நாள் முழுக்கக் காயவைத்தால் ஈரம் வற்றும், சிற்றுண்ணி குறையும். கழிவு அப்படியே இருக்கும். அங்கேயே வைத்து, காற்று போகும் பக்கத்தில் நிற்காமல், கம்பால் நன்றாக அடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். வளவுக்குள் வைத்து அடிக்கவே கூடாது.

போர்வை, உறை, விரிப்பு மூன்றையும் வாரம் ஒருமுறை 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசினால் கழிவு ஓரளவு போகும், பூச்சி பிழைத்துக்கொள்ளும். வெந்நீர் மெஷின் இல்லாதவர்கள் அண்டாவில் கை பொறுக்காத அளவுக்குச் சுட வைத்து ஊறப் போடலாம்.

இலவம்பஞ்சு மெத்தையைத் துவைக்க முடியாது. பூசண வாடை வீசினாலோ கறுப்புப் புள்ளி இருந்தாலோ அதை விட்டுவிடுங்கள். அப்பத்தா கல்யாணத்துக்குத் தைத்தது என்று மனம் வராதுதான், எனக்கும் வரவில்லை. ஆனால் அந்த மெத்தையில் படுத்த இரவுதான் என் மகளுக்கு முதல்முறை மருத்துவமனை வரை போக நேர்ந்தது.

மெத்தைக்கு இறுக்கமான நெசவுள்ள, ஜிப் வைத்த உறை கடையில் கிடைக்கிறது. நல்லது, வாங்குங்கள். அது ஒன்றே இரைப்பைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மற்ற வேலைகளோடு சேரும்போதுதான் பயன் தரும். எங்கள் வீட்டில் பலித்தது கோரைப்பாய். காற்றோட்டமான அறையில் கட்டிலின் மீது பாய், அதன்மேல் துவைத்த பருத்தி விரிப்பு. பாயைத் துடைக்கலாம், அரை நாளில் காயவைக்கலாம், சிற்றுண்ணி ஒளிந்துகொள்ள மெத்தைபோல் ஆழம் கிடையாது.

பெட்டகத்தில் பட்டும் கண்டாங்கிச் சேலையும் ஓலைக் கொட்டானும் (ஓலைக் கூடை) இருக்கின்றன. பாச்சை உருண்டை போடலாமா?

நாப்தலின் உருண்டை பூச்சியைத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. அதன் வாடையே பலருக்கு மூக்கில் எரிச்சல் தரும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு அந்த வாடை ஏறிய துணி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். பேரப்பிள்ளைகளுக்குப் பெட்டகத்துத் துணியை விரிக்கிற வீட்டில் அது வேண்டாம். நன்றாகக் காய்ந்த துணியை மட்டும் உள்ளே வையுங்கள். மழை நின்றதும் தையில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். கொட்டானில் பூசணம் பிடித்தால் வெளியே வைத்துத் துடைத்து வெயிலில் காட்டலாம். மட்கியிருந்தால் எறிந்துவிடுங்கள்.

புறா அடைகிறது. எச்சத்தைப் பெருக்கித் தள்ளலாமா?

காய்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, வழித்து அள்ளிப் பையில் கட்டுங்கள். வௌவால் எச்சத்துக்கும் இதே முறைதான். அந்தத் தூசியில் நுரையீரலில் தொற்று உண்டாக்கும் பூஞ்சைகள் இருக்கலாம். புறாவின் எச்சத் தூசியையும் இறகுத் தூளையும் வருடக்கணக்கில் மூச்சோடு இழுப்பவர்களுக்கு நுரையீரல் தடித்துச் சுருங்கும் நோயும் வருகிறது. அது முற்றிவிட்டால் திரும்பாது. வாயில்லா ஜீவன் என்று வளவுக்குள்ளேயே அரிசி தூவுபவர்கள் வெளியே, கிணற்றடிக்கு அப்பால் தூவட்டும். சாளரங்களுக்கும் தாழ்வாரத்துக்கும் வலை அடியுங்கள்.

குரங்குக்கும் மழைக்கும் பயந்து முற்றத்தின்மேல் பிளாஸ்டிக் தகடு போடலாமா?

கம்பி வலை போடுங்கள், தகடு வேண்டாம். சூடான காற்று மேலேறி வெளியேறும் வழி அந்த முற்றம்தான். அதை மூடிய ஒரு வீட்டில் அடுத்த கார்த்திகையிலேயே தூணின் அடியில் பூசணம் பார்த்தேன். மூடியே ஆக வேண்டும் என்றால் தகட்டை ஒரு முழம் உயர்த்தி, நான்கு பக்கமும் திறப்பு விட்டுப் போடச் சொல்லுங்கள்.

சாம்பிராணி போட்டால் கிருமி போகும் என்கிறார்களே?

புகை எதுவானாலும் இரைப்புக்காரரின் மூச்சுக்குழலைச் சுருக்கும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள் மூன்றும் அதில் சேரும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விட மனமில்லை என்றால் முற்றத்தில் போடுங்கள், நோயாளியின் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். கொசுவுக்கு வலை இருக்கிறது.

கரப்பானுக்கு?

இரவு பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். மீந்ததை மூடுங்கள், சாக்கடைத் துவாரத்துக்குச் சல்லடை வையுங்கள். தெளிக்கும் மருந்தைவிடப் பசை வடிவில் வரும் மருந்து நல்லது, மூச்சில் கலக்காது. செத்ததையும் எச்சத்தையும் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது வரை வேலை முடியவில்லை என்று கொள்ளுங்கள்.

ஏர்கூலர், ஏசி, ஈரம் இழுக்கும் கருவி: எதை வாங்குவது?

ஏர்கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. சித்திரையில் சுகம், ஐப்பசியில் அறையைப் பூசணக் காடாக்கிவிடும். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுகிறது, அதனால் நோயாளியின் படுக்கையறைக்கு அது பயன்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்கள், தண்ணீர் வடியும் குழாய் அடைக்காமல் பாருங்கள். ஈரம் இழுக்கும் கருவி கதவு சாத்திய ஓர் அறையில் நன்றாக வேலை செய்யும். முற்றத்தைப் பார்த்துத் திறந்த வளவில் வைப்பது கண்மாயைச் செம்பால் இறைப்பது போலத்தான்.

வாக்குவம் கிளீனர் வாங்கினால் ஹெப்பா வடிகட்டி உள்ளதாகப் பாருங்கள். அது 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடித்து வைக்கும். சாதாரண மெஷின் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். ஓசோன் வெளியிட்டுக் காற்றைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகள் பக்கமே போகாதீர்கள். ஓசோன் நுரையீரலுக்குக் கேடு.

இவ்வளவும் செய்தும் இரைப்பு நிற்கவில்லை என்றால்?

மருத்துவரிடம் போங்கள். வீட்டைத் துடைப்பது மருந்துக்கு மாற்றாகாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தோலில் துளி வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனையால் பெரும்பாலும் கண்டறிந்துவிடலாம். தெரிந்துவிட்டால் எந்த வேலைக்கு முதலிடம் என்பதும் தெளிவாகும். இன்ஹேலரை ஊருக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா உள்ளிழுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

எங்கள் அறை சுத்தம். பக்கத்துப் புள்ளியின் (பங்காளிக் குடும்பத்தின்) அறை பத்து வருடமாகப் பூட்டிக்கிடக்கிறது. என்ன செய்வது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். வளவு பொது, அறை அவரவருக்கு. சாவி எங்கோ இருக்கும். ஆனால் பூசணத்துக்குப் பங்குப் பத்திரம் தெரியாது. கதவிடுக்கு வழியாக வந்துவிடும்.

பங்காளிகளிடம் குறையாகப் பேசாதீர்கள். அறைக்குள் அவர்களுடைய ஆத்தாவின் பொருள்கள் இருக்கும். யாரோ நுழைந்து கிளறுவார்கள் என்ற பயம் இருக்கும். நான் செய்வது இது: தொலைபேசியில் அழைத்து, ‘அறையைத் திறந்து காற்று மட்டும் விடுகிறேன், ஒரு பொருளையும் நகர்த்த மாட்டேன்’ என்று சொல்லி, திறக்கும்போதும் மூடும்போதும் வீடியோ அழைப்பில் காட்டுகிறேன். முதல்முறை தயங்குவார்கள். சுவரில் இறங்கிய தண்ணீர்க் கோட்டையும் பெட்டகத்தின் காலில் ஏறிய பூசணத்தையும் கண்ணால் பார்த்ததும், அடுத்த மாதம் அவர்களே அழைத்து ‘ஆச்சி, இன்றைக்கு வெயில் இருக்கிறதா, அறையைத் திறக்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள். இப்போது எங்கள் வளவில் ஆறு அறைகளில் ஐந்தை மாதம் ஒருமுறை திறக்கிறோம். ஆறாவது அறையின் சாவி கோலாலம்பூரில் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.